பதினேழு எனில்

ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்து, மூன்று பேருமே ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் பாட்டிலுக்குக் காது முளைக்கும்.

"இன்னிக்கு எனக்கு டூட்டி இவரோட ஸ்கூல்ல" என்று பாட்டிலைப் பார்த்துச் சொன்னாள் கணக்கு சாரின் மனைவி.

"தெரியும், சுற்றறிக்கை பார்த்தேன்" என்று தன் ஷூவுக்குப் பதில் சொன்னார் கணக்கு சார்.

மகள் வாண்டு எதற்கும் எதுவும் சொல்லவில்லை. பையை மாட்டிக்கொண்டு, அம்மாவுக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டு, அப்பா நின்ற இடத்தில் ஒரு தூண் நிற்பதுபோல் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

போன வாரக் கூத்தைத் தவறவிட்டவர்களுக்கு: அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள்களில் நாலு தாள் வினோதமாக இருந்தன. இயற்கணிதப் பக்கத்தில் ஒவ்வொரு விடைக்கும் பின்னால் 'எனில்' என்று எழுதியிருந்தது. 'எட்டு எனில்', 'பதினேழு எனில்', 'முப்பது எனில்'. விடை எல்லாம் சரி. ஆனால் நாலு பேர் ஒரே மாதிரி உளற முடியுமா? ஒருத்தர் உளறியதை மூன்று பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள், கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்கள் என்று கணக்கு சார் முடிவு கட்டினார். நாலில் ஒரு தாள் வாண்டுவுடையது.

வேறு அப்பாவாக இருந்தால் மென்று முழுங்கியிருப்பார். கணக்கு சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் பொண்ணுன்னு பார்க்க மாட்டேன்" என்று நாலு தாளையும் தலைமையாசிரியை மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். தலைமையாசிரியை வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அக்கா. இன்று மாலை நாலு மணிக்கு விசாரணை. காப்பி என்று உறுதியானால் நாலு பேரும் அடுத்த வருஷம் கணக்குப் பிரிவில் சேர முடியாது. வாண்டுவோ கணக்கென்றால் சோறு தண்ணீர் வேண்டாதவள்.

"யாரைப் பார்த்து எழுதினே?" என்று அவர் கேட்டதற்கு, "யாரையும் பார்க்கல" என்றாள். அதுதான் அவள் அப்பாவோடு கடைசியாகப் பேசியது.

* * *

பள்ளிக்கூட வாசலில் அக்கா நின்றாள். வீட்டில் 'டேய்', பள்ளியில் 'சார்'. அந்தக் கோட்டை இருவரும் தாண்டுவதில்லை.

"சார், நாலு மணி."

"ஞாபகம் இருக்கு மேடம்."

"உங்க வீட்டம்மா வந்துட்டாங்க. நூலக அறையில பயிற்சி. நீங்களும் போகணும்."

"எனக்கு எதுக்கு மேடம் வாசிப்புப் பயிற்சி? நான் கணக்கு வாத்தியார்."

"அதைச் சொல்றதுக்காவது போங்க சார்" என்றாள் அக்கா, சிரிக்காமல்.

மனைவியின் வேலையைக் கணக்கு சார் ஒருநாளும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. அவள் பள்ளி பள்ளியாகப் போவாள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க மாட்டாள், ஆசிரியர்களோடு உட்காருவாள். பதினாலு வயதுப் பிள்ளைக்குக் கதை படிக்கத் தெரிகிறது, அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தனியாகப் படித்து விளங்கிக்கொள்ளத் தெரியவில்லை. வாசிக்கக் கற்றுக்கொடுப்பது மொழி டீச்சர் பாடு என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அறிவியல் புத்தகத்தை அறிவியல்காரர்தானே வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மொழி டீச்சர் நினைக்கிறார். நடுவில் பிள்ளை தொங்குகிறது. அந்தத் தொங்கலைப் பிடிப்பதுதான் அவள் உத்தியோகம்.

கணக்கு சாரின் பெருமையோ வேறு. "என் வகுப்புல புத்தகத்தைத் திறக்க வேண்டாம், காதைத் திறந்தாப் போதும்" என்பார். உண்மைதான். அவர் கேள்வியைச் சொல்லும் அழகில் கடைசி பெஞ்சுக்கும் கணக்கு பாதி விளங்கிவிடும். அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. "விடைன்னா வால் இருக்கணும். மீட்டரோ, கிலோவோ, மணியோ. வாலில்லாத விடைக்கு மார்க்கும் இல்ல." பிள்ளைகள் அவருக்கு 'வால் சார்' என்று பேர் வைத்திருப்பது அவருக்கே தெரியும். உள்ளூர அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

நூலக அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு சார் கடைசி நாற்காலியைப் பிடித்தார். மனைவி அவரை மற்றவர்களைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"ஒரு சின்ன விளையாட்டு" என்றாள். "நீங்க அரையாண்டுக்குக் கொடுத்த கேள்வித்தாள்ல ஒரு கேள்வியை, வகுப்புல வாசிக்கிற மாதிரியே வாசிங்க. பக்கத்துல இருக்கிறவர் அச்சுல விரலை வச்சு ஒப்பிடணும். அவ்வளவுதான்."

"இது ஒண்ணாம் வகுப்பு ஆட்டமால்ல இருக்கு!" என்றார் சரித்திர சார். எதையும் சிரித்துத் தள்ளுகிற ஆள்.

முதலில் அறிவியல் டீச்சர் வாசித்தார்: "வினையோட வேகத்தை எதெல்லாம் மாத்தும்னு சொல்லுங்க."

ஒப்பிட்ட மொழி டீச்சர் நிமிர்ந்தார். "இதுல 'வினையின் வேகத்தைப் பாதிக்கும் காரணிகளை விளக்குக'ன்னுல்ல இருக்கு?"

"அட, ஆமா!" அறிவியல் டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "'காரணி'ன்னு நான் வாயால சொன்னதே இல்ல போலிருக்கே. பரீட்சையில அதைத்தானே கேக்குறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு சாரும் சிரித்தார். அடுத்தவர் வழுக்கி விழும்போது வருகிற சிரிப்பு.

"கணக்கு சார், நீங்க" என்றாள் மனைவி. ஒரு வாரத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள்.

கணக்கு சார் கேள்வித்தாளை எடுத்தார். தொண்டையைச் செருமினார். "எக்ஸ் அஞ்சுன்னு வச்சுக்கோ. அப்போ, மூணு எக்ஸோட ரெண்டைக் கூட்டினா எவ்வளவு?"

சரித்திர சாரின் விரல் தாளில் தடுக்கி நின்றது. "சார், 'வச்சுக்கோ' எங்க இருக்கு?"

"அங்கதான் இருக்கு. எழுதியிருக்கிறதைத்தானே வாசிச்சேன்."

"இங்க இல்லையே."

"திருப்பி வாசிக்கிறேன், கேளுங்க. எக்ஸ் அஞ்சுன்னு வச்சுக்கோ..."

"சார்," என்று சரித்திர சார் தாளை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினார், "இதை வாசிங்க. நான் விரல் வச்சிருக்கிற வார்த்தையை மட்டும்."

தாளில் இப்படி அச்சாகியிருந்தது: x = 5 எனில், 3x + 2 இன் மதிப்பு காண்க.

"எனில்" என்று வாசித்தார் கணக்கு சார். சொல் வாய்க்குள் புதுசாக உருண்டது. இத்தனை வருஷமாகக் கேள்வித்தாளில் எழுதிய வார்த்தையை வகுப்பில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அதனால என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

"உங்களுக்கு ஒண்ணு" என்றாள் மனைவி. "இந்த வார்த்தையைப் பிள்ளைங்களுக்கு யார் சொல்லிக்கொடுக்குறது?"

"அது மொழிப் பாடம். டீச்சர்தான் சொல்லித் தரணும்."

மொழி டீச்சருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நல்லா இருக்கே! என் புத்தகத்துல கதை இருக்கு, கவிதை இருக்கு, கட்டுரை இருக்கு. 'எனில்' எங்க இருக்கு? வாசல் தாண்டினா யாராவது 'மழை பெய்தது எனில் குடை எடு'ன்னு பேசுறாங்களா? அது உங்க சொத்து சார், நீங்களே வச்சுக்குங்க."

"கணக்குல மொழி நடத்தவா எனக்குச் சம்பளம்?"

"தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற கதையால்ல இருக்கு!" என்று சிரித்தார் சரித்திர சார். வாடிக்கையான கேலிதான், அவர் வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

ஆனால் கணக்கு சாருக்கு அந்த 'வால்' சுருக்கென்று தைத்தது.

வால். விடைன்னா வால் இருக்கணும். ஐந்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு சொல். ஐந்து மீட்டர், ஐந்து கிலோ, ஐந்து எனில். அப்படியானால் விடை, பதினேழு...

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போனார். "கோவிச்சுக்கிட்டார் போல" என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது.

* * *

தண்ணீர்க் குழாயடியில் மனைவி அவரைப் பிடித்தாள். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னங்க?"

"அந்த நாலு பேப்பர்" என்றார். "ஒவ்வொரு விடைக்கும் பின்னால 'எனில்'னு எழுதியிருந்துச்சு. அதை வச்சுத்தான் காப்பின்னு சொன்னேன்."

"இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"விசாரணை முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாது. விதி."

"வாண்டுகிட்டயாவது, ஏன்டி இப்படி எழுதினேன்னு கேட்டீங்களா?"

"யாரைப் பார்த்து எழுதினேன்னு கேட்டேன்."

"நல்ல கேள்வி!" என்றாள். அவளுக்குக் கோபத்தில் கண் நிறைந்துவிட்டது. "வீட்ல கணக்குப் போடும்போது கேள்வியை யார் வாசிக்கிறது?"

கணக்கு சார் குழாயைத் திறந்தார், மூடினார். தினமும் சாயங்காலம் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து கேள்வியைச் சொல்வது அவர்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டு, டக்கென்று விடை சொல்வாள். பெருமையாக இருக்கும். அவள் புத்தகத்தைத் தொட வேண்டிய அவசியமே வந்ததில்லை.

"நான்தான்" என்றார். பெற்ற பெண்ணைத் திருடி என்று எழுதிக்கொடுத்துவிட்டோமே!

* * *

நாலு மணி. தலைமையாசிரியை அறையில் பிள்ளைகளுக்கு நாலு நாற்காலி போட்டிருந்தது. வாண்டு, முயல், கண்ணாடி என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பட்டப்பேர்கள்தான், கணக்கு சாரே அப்படித்தான் கூப்பிடுவார். நாலாவது நாற்காலி காலி.

"நெட்டை எங்க?" என்றார்.

"அவ அப்பா காலையிலயே வந்தார்" என்றாள் அக்கா. "என் பொண்ணைக் களவாணின்னு சொன்ன பள்ளிக்கூடம் எனக்கு வேண்டாம்னு பேரை வெட்டிட்டுப் போயிட்டார். எவ்வளவோ சொன்னேன். கேக்கல."

வாண்டு காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டை அவளுடைய உயிர்த்தோழி.

"மேடம்," என்றார் கணக்கு சார், "ஒரே ஒரு கேள்வி கேக்கணும். மூணு பேரையும் தனித்தனியா. நான் கேட்டா சரியா இருக்காது. நீங்க கேளுங்க."

"என்ன கேள்வி?"

"'எனில்'னா என்னன்னு கேளுங்க."

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

முதலில் கண்ணாடி வந்தான். "அது எடைக்கு மேடம். கிலோ மாதிரி. கொஞ்சம் பெருசா இருக்கும்னு நினைக்கிறேன்."

அடுத்து வாண்டு. அப்பா பக்கம் திரும்பாமல், "நீளம் அத்தை... நீளம் மேடம்" என்றாள். "வெளிநாட்டு அளவா இருக்கும்னு நெனச்சேன்."

கடைசியாக முயல். அவன் கையைப் பிசைந்தான். "தெரியாது மேடம். சார் வால் போடலைன்னா மார்க் கிடையாதும்பார். தேடிப் பார்த்தேன். அஞ்சுக்குப் பக்கத்துல அதுதான் இருந்துச்சு. அதையே போட்டுட்டேன்."

கதவு மூடியது. அக்கா பேனாவை மேசையில் வைத்தாள்.

"பார்த்து எழுதினவங்களா இருந்தா மூணு பேரும் ஒரே கதை சொல்லியிருப்பாங்க" என்றாள் மெதுவாக. "இது ஆளுக்கொரு கதையா இருக்கு. சரி, மத்த பிள்ளைங்க ஏன் இப்படி எழுதல?"

பதில் கணக்கு சாரோடு வந்து கதவோரம் நின்றிருந்த மனைவியிடமிருந்து வந்தது. "அண்ணி, மத்தவங்க அந்த வார்த்தையைத் தாண்டிக் குதிச்சுப் போயிட்டாங்க. நம்பரை மட்டும் பொறுக்கிக்கிட்டாங்க. இந்த நாலு பேரும்தான் அங்க நின்னு, இதுக்கு ஏதோ அர்த்தம் இருக்கணும்னு யோசிச்சிருக்காங்க. உங்க ஸ்கூல்ல கணக்குக் கேள்வியை உண்மையிலேயே வாசிச்சது இந்த நாலு பேர்தான்."

மேசையில் கிடந்த வாண்டுவின் தாளில் சிவப்பு மையில் பெரிய வட்டம் தெரிந்தது. வட்டம் போட்ட கை கணக்கு சாரின் மடியில் சும்மா கிடந்தது.

"காப்பி இல்லைன்னு எழுதிடறேன்" என்றாள் அக்கா. "ஆனா காரணம்னு ஒண்ணு எழுதணுமே. என்ன எழுத?"

"வாத்தியார் கேள்வியை வாசிச்சுக் காட்டினார், பிள்ளைங்களை வாசிக்க விடலைன்னு எழுதுங்க."

"டேய்!" அக்கா கோட்டைத் தாண்டிவிட்டாள். "இது மேலிடத்துக்குப் போற அறிக்கைடா. இத்தனை வருஷமா எடுத்த பேர் என்ன ஆகும்? நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது."

"நான் சொன்னப்போ அந்தப் பிள்ளைங்களைப் பத்தி ஊர் பேசுச்சுல்ல? எழுதுக்கா."

அக்கா எழுதினாள். எழுதும்போது ஒரே ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள்.

* * *

வீட்டுக்கு வந்ததும் வாண்டு பையை இறக்கிவிட்டு அடுப்படி மேசையில் உட்கார்ந்தாள். கணக்கு சார் எதிரில் போய் உட்கார்ந்தார். தினமும் கேள்வி சொல்லும் அதே நாற்காலி.

"தப்பு அப்பாவோடது. விசாரிக்காம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோடா."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை மனைவி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். ஆனால் வாண்டுவும் அப்பன் மகள்தான். தண்ணீர் பாட்டிலைப் பார்த்துச் சொன்னாள்:

"நெட்டை திரும்பி வந்தாத்தான் பேசுவேன்."

"கேட்டுச்சா?" என்றாள் மனைவி.

"கேட்டுச்சு. அவ வீடு எங்க இருக்கு?"

"என்னைக் கேட்டா? உங்க வகுப்புப் பிள்ளை."

கணக்கு சாருக்குத் தெரியாது. அந்த முகவரி தெரிந்த ஒரே ஆளான வாண்டு அவரோடு பேச மாட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திருதிருவென்று விழித்தார்.

பின்னால் தாள் கிழிகிற சத்தம் கேட்டது. வாண்டு ஏதோ எழுதினாள். எழுந்து வந்து அவர் கையில் திணித்தாள்.

"என்ன எழுதியிருக்கே? வாசிச்சுக் காட்டு" என்றார், பழக்கதோஷத்தில்.

வாண்டு அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

தெருவிளக்கின் கீழே நின்று அவரே படித்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து இருநூறு மீட்டர். 'மீட்டர்' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். பிறகு இடப்பக்கம் சந்து, தையல் கடைக்கு மேலே மாடி, பச்சைக் கதவு. கடைசியில் இன்னொரு வரி இருந்தது. அதை அப்போது அவர் சரியாகக் கவனிக்கவில்லை.

சந்து கிடைத்தது. தையல் கடை பூட்டியிருந்தது. படி ஏறினார். பச்சைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. யாரோ தட்டு கழுவுகிற சத்தமும் கேட்டது. கணக்கு சாருக்குக் கை எழவில்லை. போய்விட்டு நாளைக்கு வரலாமா என்று ஒரு கால் தானாகவே படி இறங்கியது.

தாளை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரல் வைத்து, மனதுக்குள் படித்தார்.

'கதவு மூடியிருக்கிறது எனில், தட்டுக.'

தட்டினார்.

"யாரு?" என்றது ஓர் ஆண் குரல்.

"நான்தான். கணக்கு வாத்தியார்."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.